கர்மூஸ், பதிப்பு 0.9

அரபு இனத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் நான் இதை ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் எதிலும் மானம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

ருஷ்தியின் பிரவுசிங் சென்டரில் பன்னிரண்டு கணினிகள். வேலை முடிந்து போனால், ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வோம். வெளிநாட்டுக்காரன் செய்த பழைய விளையாட்டு. அதில் ஒரு ஊர் வரும், அரபு நாட்டு ஊராம். எங்கு பார்த்தாலும் மண் சுவர், மணல், திருப்பத்துக்குத் திருப்பம் கட்டிப்போட்ட ஒட்டகம். நான் பிறந்ததிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கர்மூஸ் பேட்டையில் இருக்கிறேன். ஒட்டகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பெருநாளைக்கு முந்தின நாள் லாரியில் நின்றபடி கசாப்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்த ஒட்டகத்தின் பின்னால் ஒளிந்திருந்த எவனோ என்னைச் சுட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. நாற்காலியை விட்டு எழுந்து, "நம்ம ஊரை நாமே செய்வோம்டா! நிஜ கர்மூஸை உலகத்துக்குக் காட்டுவோம்!" என்று முழங்கினேன்.

"காட்டலாம் என்ஜினியரே, முதல்ல உக்காரு," என்றான் ருஷ்தி. "பின்னால இருக்கிறவனுக்கு ஸ்க்ரீன் மறைக்குது."

நான் என்ஜினியர் இல்லை. எங்கள் ஊரில் கணினியைப் பிடித்து வைத்திருக்கும் எவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் தர்வத். அச்சகத்தில் வேலை. மற்றவர்களின் கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வைத்து, எழுத்து கோத்து, ஓரம் வெட்டிக் கொடுப்பேன்.

நான் செய்யக் கிளம்பியதை மோட் என்பார்கள், பெரிய விஷயமில்லை. யாரோ தைத்த சட்டையில் ரசிகன் ஒருவன் தன் ஆசைக்கு ஒட்டுப்போட்டுக்கொள்வது போல, யாரோ செய்த விளையாட்டுக்குள் நம் தெரு, நம் ஆட்கள், நம் சத்தம் எல்லாவற்றையும் நுழைப்பது. காசு வராது. பேர் வந்தால் உண்டு. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று ருஷ்தியிடம் சொன்னேன். அவன் நிரல் எழுத வேண்டும், நான் சுவர்களைச் செய்ய வேண்டும். ஆறு வருடம் ஆனது. அதில் ருஷ்தியின் பங்கு மூன்று மாதம்தான்.

மிச்சம் முழுக்க என் சுவர்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் போட்டோ எடுத்து, அளவு பார்த்து, கறையோடு சேர்த்து உள்ளே ஏற்றினேன். அளவு நாடாவும் கையுமாக நான் தெருவில் திரிவதைப் பார்த்து நகராட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மேல்மாடி அனுமதியில்லாமல் எழுந்தது. ஈரல் கடைக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து, இரண்டு ரொட்டியில் மிளகாய் போட்ட ஈரலைத் திணித்து, "மூணாவது மாடி உங்க கண்ணுக்குத் தெரியல, சரிதானே பாஷா?" என்றார். தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு வாரம் நகராட்சியின் பேரால் ஈரல் தின்றேன். அதற்கு நன்றிக்கடனாக, விளையாட்டில் அவருடைய மூன்றாவது மாடியை மட்டும் செய்யாமல் விட்டேன்.

சுடுபவர்கள் யார் யார் என்று கேள்வி வந்தது. வெளிநாட்டு விளையாட்டில் எப்போதும் நாம்தான் வில்லன். இதில் ஒரு கட்சி மைக்ரோபஸ் ஓட்டுநர்கள், மறு கட்சி டிராம் ஊழியர்கள். டிராம் கட்சி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழு வினாடி தாமதமாகத்தான் களத்துக்கு வரும். நியாயமில்லை என்று சோதித்துப் பார்த்தவர்கள் கத்தினார்கள். கர்மூஸில் டிராமுக்குக் காத்து நின்ற யாரும் கத்தவில்லை.

ஆனால் எல்லாரும் மெச்சிய விஷயம் கூடை. சென்டருக்கு நேர் எதிர்க் கட்டடத்தில், நான்காவது மாடியில் நிஃமத் ஹாஜியம்மா இருந்தார். தினமும் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவார். கீழே பெசூனி மளிகைக்காரன் அதில் காய்கறியைப் போட, மேலே இழுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் ஹாஜியம்மா கூடை இறக்கினால் தெரு முழுக்கக் கேட்கும். அப்படி ஒரு தொண்டை. அதை விளையாட்டில் வைத்தேன். முதல் குண்டு வெடித்ததும் ஆரம்பித்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பால்கனியிலிருந்து கூடை இறங்கும். அதில் தோட்டா இருக்கும். முதலில் ஓடிப்போய் எடுப்பவனுக்குச் சொந்தம்.

அந்தக் கட்டடத்தின் கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஹாஜியம்மாவின் மகள் நக்லா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அத்தை மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்க அச்சகத்துக்கு வந்தாள். நான் காட்டிய மாதிரியில் மூன்று பிழைகளை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தாள். நான்காவதாக, மாப்பிள்ளையின் பெயரையே விட்டுவிட்டிருந்தேன். அன்றைக்குச் சிரித்தவளை நான்கு வருடமாக டிராமிலும் கடற்கரைச் சாலையிலும் போனிலும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். "முதல் பதிப்பு வெளியானதும் உம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன்," என்று வாக்குக் கொடுத்தேன்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். என் பைத்தியத்துக்கு எண் இருந்தது. 1.0 வந்தால்தான் முதல் பதிப்பு. பதிப்பு 0.9. அடுத்து 0.91. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆழம் போதவில்லை என்று 0.92. கொடியில் காயும் சட்டை காற்றில் ஆடவில்லை என்று 0.93.

"நீ முழுசா ஒண்ணு ஆகவே மாட்டியா?" என்று நக்லா ஒரு நாள் கேட்டாள்.

"அவசரப்பட்டு வெளியிட்டா பேர் கெட்டுடும்," என்றேன்.

"யார் பேரு?"

அவர்கள் கட்டடத்துப் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு வீடுகளின் படிக்கட்டுகளைச் செய்திருந்தேன், அந்த ஒன்றுதான் பாக்கி. "வந்து பாரு," என்றாள். நான் போகவில்லை. அந்த வாசலில் மூடின கதவு ஒன்றை வரைந்து ஒட்டிவிட்டு, 0.94 என்று பெயர் வைத்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், கூடைக்கு ஹாஜியம்மாவின் நிஜக் குரலே வேண்டும் என்று நக்லாவிடம் கெஞ்சினேன். அவள் பால்கனியில் போனை மறைத்துவைத்துப் பதிவு செய்து அனுப்பினாள். நாற்பத்தொரு வினாடி. கூடவே ஒரு வரி: "முழுசா கேளு." முதல் ஆறு வினாடி கேட்டேன். தக்காளி கேட்டுப் பெசூனியை அவர் திட்டிய திட்டில் துள்ளிக் குதித்தேன். கட்டைவிரல் படம் ஒன்றை நக்லாவுக்கு அனுப்பிவிட்டு, அப்படியே விளையாட்டில் ஏற்றினேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை நக்லா போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை குவைத்லேருந்து ஒரு குடும்பம் வருது. பையன் ஏசி கம்பெனில என்ஜினியர். உம்மா ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம்ங்கிறாங்க."

என்ஜினியர். நிஜமானவன். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது.

"வியாழக்கிழமையே வெளியிட்டுடறேன்!"

"என்னத்தை?"

"மோட்டை. சொன்னேன்ல, வெளியானதும் வருவேன்னு? வியாழக்கிழமை சாயங்காலம் வெளியீடு, வெள்ளிக்கிழமை காலைல உம்மாவோட உங்க வீட்ல இருப்பேன்."

"நான் அனுப்பின ஃபைலைக் கேட்டியா?" என்றாள்.

"கேட்டேனே. பிரமாதம்!"

"முழுசா?"

"அது... முக்கியமான இடமெல்லாம் கேட்டேன்."

"ம்," என்று வைத்துவிட்டாள். அந்த 'ம்'மை நான்கு நாள் யோசித்திருக்க வேண்டும். நான் நான்கு நாளும் ஈரல் கடைப் பலகையின் துருவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வியாழன் சாயங்காலம் சென்டரில் பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள். மாணவர்கள், மைக்ரோபஸ் ஓட்டுநர்கள் இரண்டு பேர், டிராம் கண்டக்டர் ஒருவர். அவர் நிஜத்திலும் தாமதமாகத்தான் வந்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்களும் கேட்கட்டும் என்று ருஷ்தி இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வாசலில் தெருவைப் பார்க்க வைத்தான். அந்த யோசனையைச் சொல்லி, வாடகையும் கொடுத்தது நான்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டைத் தேடிப் போய்விட்டார்கள்.

"டே, எங்க வீட்டு ஜன்னல்!"

"எங்க வாசல்ல ஏன்டா குப்பை கிடக்கு? இங்கேயாவது கூட்டி வெச்சிருக்கக் கூடாதா?"

"ஈரல் கடைக்கு மேல ஒரு மாடியைக் காணோமே, என்ஜினியரே?"

எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் சுடும் விளையாட்டில் யாரும் சுடவில்லை என்றால் அது பாய் இல்லாத படகு. கடைசியில் ஓட்டுநர் ஒருவர் டிராம் கண்டக்டரைப் பின்னாலிருந்து சுட்டு ஆரம்பித்துவைத்தார். அப்போதுதான் பால்கனியில் கூடை இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு மாதமும் அந்தக் கூடையைத் தனியாகவே சோதித்தேன். அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்கு முன்பே அடியில் போய் நின்று, நாலாவது வினாடியில் எடுத்துவிடுவேன். எடுத்தால் குரல் நின்றுவிடும். செய்தவனே சோதித்தால் இப்படித்தான். வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் அதை எடுக்க வேண்டும் என்றே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். குரல் நிற்கவில்லை.

"டே பெசூனி! அரைக் கிலோ தக்காளி! போன தடவை மாதிரி அமுங்கினதைப் போட்டேன்னு வை, கூடையை உன் தலையிலயே இறக்குவேன்!"

சென்டரே வெடித்துச் சிரித்தது. ருஷ்தி என் முதுகில் தட்டினான். குரல் பால்கனியிலிருந்து வீட்டுக்குள் திரும்பியது. இந்த இடத்தை நான் கேட்டதே இல்லை.

"ஏன்டி, அந்தப் பத்திரிகை அடிக்கிறவன் மறுபடியும் கீழ நின்னு சுவத்தைப் போட்டோ எடுக்கறான். முப்பது வயசாச்சு. ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிறான், இவனுக்கு யார் அடிக்கப் போறா? இவன் மட்டும் பொண்ணு கேட்டு வரட்டும், கூடை நிறைய வெங்காயத் தோலை ரொப்பி இறக்கறேன்!"

பன்னிரண்டு தலையும் திரும்பி என்னைப் பார்த்தன. அப்புறம் எழுந்த சிரிப்பில் ஒருவன் நாற்காலியோடு சாய்ந்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஆனால் குரல் இன்னும் முடியவில்லை. தூரத்திலிருந்து, மெதுவாக, நக்லா.

"வருவான் உம்மா."

"எப்ப?"

"கையில ஒரு வேலை இருக்கு அவனுக்கு. அதை முடிச்சதும் வருவான். சொன்னா செய்வான்."

கயிறு உரசும் சத்தத்தோடு பதிவு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. எட்டு மாதம் முன்னால், எனக்காகத் தன் உம்மாவிடம் வாதாடி, அதை என் கையிலேயே கொடுத்து, முழுசா கேளு என்று சொல்லியிருக்கிறாள். நான் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறேன். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல அவமானமாக இருந்தது. வெங்காயத் தோல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த 'சொன்னா செய்வான்'தான் என்னை அறைந்தது.

அதற்குள் இரண்டாவது கூடை இறங்கிவிட்டது. "டே பெசூனி! அரைக் கிலோ தக்காளி!"

தெருவில் நிஜப் பெசூனி கடையை விட்டு வெளியே வந்தான், இரண்டு கையிலும் பொட்டலம். "ஹாஜியம்மா, ஒரு தடவை சொன்னாப் போதாதா? ரெண்டு அரைக் கிலோ கட்டிட்டேன், கூடையை இறக்குங்க!"

நான்காவது மாடியில் நிஃமத் ஹாஜியம்மா வெளிப்பட்டார். "நான் எங்கடா கேட்டேன்? எவன்டா அது என் தொண்டையில பேசறவன்?"

ருஷ்தி ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்க ஓடி, அவசரத்தில் விளக்கின் ஒயரைப் பிடுங்கினான். இருட்டான கடையிலிருந்து, வெங்காயத் தோல் முதல் 'சொன்னா செய்வான்' வரைக்கும், தெரு முழுக்க ஒரு தடவை கேட்டது. நான் வெளியே போய் நின்றேன். ஹாஜியம்மா என்னை உற்றுப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தார். கூடை இறங்கியது.

நிறைய வெங்காயத் தோல். வெள்ளிக்கிழமை விருந்துக்கு உரித்தது போலிருக்கிறது.

தெருவே கைகொட்டியது. பெசூனி பொட்டலத்தோடு கைகொட்ட முடியாமல் காலைத் தட்டினான். கூடை என் நெஞ்சுக்கு நேராகத் தொங்கியது. எத்தனையோ மாதம் திரையில் செதுக்கிய கூடையை அன்றைக்குத்தான் முதல் தடவை தொட்டேன். கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது, கையை அறுக்காமல் இருக்க. என் கூடையில் துணி இல்லை. மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், 'இதை மாற்ற வேண்டும், 0.95' என்று என் மூளை ஓடியது. என்னைத் திருத்தவே முடியாது.

அப்புறம் முடிச்சை அவிழ்த்தேன். கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் மூடின கதவாக வரைந்திருந்த வாசலுக்குள் நுழைந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எப்போதும் திறந்துதான் இருந்திருக்கும்.

அறுபத்தெட்டுப் படி. முதல் திருப்பத்தில் டயர் இல்லாத சைக்கிள். மூன்றாவது மாடிக்குக் கீழே ஒரு படி உடைந்திருந்தது, தாண்டித்தான் போக வேண்டும். மேலே ஹாஜியம்மா வெறுங்கயிற்றை இழுத்துக்கொண்டு, "கூடையைத் திருடிட்டுப் போறான்! பெசூனி, பிடிடா அவனை!" என்று கத்துவது கேட்டது.

கதவைத் திறந்தபோது கயிற்றின் நுனி அவர் கையில் இருந்தது. "கயிறு எதுக்குடா இருக்கு?" என்றார்.

"ஹாஜியம்மா, நாலு வருஷம் முன்னாலயே இந்தப் படி ஏறியிருக்கணும். ஏறல. தப்பு என்னுது. நக்லாவைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"வெங்காயத் தோலோடயா?"

"இது நீங்க குடுத்தது."

"உங்க உம்மா எங்க? பெரியவங்க எங்க? ஒரு கேக் டப்பாகூட இல்லாம பொண்ணு கேக்க வர்ற வழக்கம் எந்த ஊர்லடா இருக்கு? நாளைக்கு வர்றவங்க டப்பாவோட வருவாங்க, தெரியுமா?"

"வர மாட்டாங்க உம்மா," என்றாள் நக்லா. சமையலறை வாசலில் துணியில் கை துடைத்தபடி நின்றாள். "காலைலயே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். அவங்க உம்மா நல்ல மனுஷி, கோச்சுக்கல."

ஹாஜியம்மா கயிற்றைக் கீழே விட்டார். "இவன் வருவான்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

"தெரியாது. இவன் வரலைன்னாலும் அவர் வேண்டாம்."

என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஹாஜியம்மா கூடையை வாங்கி, தோலைக் குப்பையில் கொட்டி, வெறுங்கூடையை என்னிடமே நீட்டினார்.

"போய் அந்தப் பெசூனி கட்டி வெச்ச ஒரு கிலோ தக்காளியையும் வாங்கிட்டு வா. ஊருக்கே சமைக்கிற மாதிரி உரிச்சு வெச்சிருக்கேன், யாராவது தின்னு தீர்க்கணும்ல? திரும்பி வர்றப்ப உங்க உம்மாவோட வா." நான் நாலு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது. "அமுங்கினதைக் குடுத்தா வாங்காதே!"

வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதினார்கள். அடுத்த வாரம் ஹாஜியம்மா புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு சென்டருக்கே வந்து, பழைய குரல் சளி பிடித்தபோது பதிவானது என்று சொல்லிப் புதிதாகப் பேசிக்கொடுத்தார். கைப்பிடியில் துணி சுற்றிவிட்டேன். முதல் பதிப்பு வெளியாகிவிட்டது. விளையாடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கட்டடத்துக் கதவு மட்டும் ஏன் மூடியிருக்கிறது, மேலே போக வழி செய். ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம், படிக்குப் படி எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன். அந்தப் படியில் துப்பாக்கியோடு ஓட ஒருத்தனையும் விடுவதாக இல்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். பத்திரிகையை நானே அடிக்கிறேன். மாப்பிள்ளை பெயர் இருக்கிறதா என்று நக்லா முதலில் பார்த்துவிட்டாள். நேற்று வரை ஒன்பது மாதிரி தயாரித்திருந்தேன். ஓரத்துப் பூவேலையில் ஒரு இதழ் சரியாக அமையவில்லை, இன்னும் இரண்டு நாள் கேட்டேன். சாயங்காலம் அவளிடமிருந்து போனில் அந்தப் பழைய ஃபைல் வந்தது. நாற்பத்தொரு வினாடி.

முழுசா கேட்டேன். பத்திரிகையை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.